ஆஸ்டின் செவனின் ஜீர்ணோத்தாரணம்

1934-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மோட்டார் மோகம் கொண்ட சிலர் ஒன்றுகூடி ‘விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்’ என்ற சங்கத்தை நிறுவியபோது, அவ்வளவாகப் பணவசதி இல்லாதவர்களுக்கும் மோட்டார் விளையாட்டு எட்டவேண்டும் என்பதே தங்கள் நோக்கமென்று கூச்சமின்றிச் சொல்லிக்கொண்டார்கள். வண்டி குறைந்தது ஐந்து வருஷமாவது பழையதாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்த ஆரம்ப விதி. புது வண்டி வாங்கச் சக்தியில்லாதவன் பழைய வண்டி வாங்குவதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சக்தியின்மையையே ஒரு சங்கத்தின் லட்சணமாக்கி, பழைய வண்டியை ஓட்டுவது கௌரவக் குறைவன்று, ரசனையின் அடையாளம் என்று ஊரறியச் சொன்ன துணிச்சல் விசேஷமானது. இன்று பழைய கார்களைப் போற்றும் வழக்கம் கோடீசுவரர்களின் விநோதமாகவும் ஏலக்காரர்களின் வியாபாரமாகவும் காட்சியளிப்பதால், அதன் வேர் சிக்கனத்தில் இருக்கிறது என்பது மறந்துபோயிற்று. அந்த வேரைத் தேடிப் புறப்படுகிறவன் கடைசியில் வந்து சேரும் இடம், ஆஸ்டின் செவன் என்னும் மிகச் சிறிய ஒரு வண்டி.

அதற்கு முன்பும் புராதன வண்டிகளை மதித்தவர்கள் இருந்தார்கள். மோட்டார் வாகனங்களின்மேல் இருந்த கடுமையான வேகக்கட்டுப்பாட்டைத் தளர்த்திய சட்டம் 1896 நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்ததைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு வண்டிகள் சென்றன. 1927-இல் ஒரு பத்திரிகை அந்தப் பிரயாணத்தைத் திரும்ப நடத்தி, கிழட்டு வண்டிகள் புகை கக்கித் தள்ளாடிப் போவதை ஜனங்களுக்கு வேடிக்கையாகக் காட்டிற்று. 1930-இல் ‘வெட்டரன் கார் கிளப்’ தோன்றி அந்த வேடிக்கைக்கு ஓர் ஒழுங்கையும் மரியாதையையும் கொடுத்தது. இவையெல்லாம் ஞாபகார்த்தமான காரியங்கள். 1934-இல் கூடியவர்களின் விருப்பம் வேறு. அவர்களுக்கு ஓட்டி மகிழ வண்டி வேண்டும். 1920-களில் பெரும் விலைக்கு விற்ற பென்ட்லி, வாக்ஸால் முதலிய வண்டிகள், பெட்ரோலை அதிகமாகக் குடிப்பதாலும், குதிரைசக்திக்கு இத்தனை பவுன் என்று சர்க்கார் விதித்த வரியாலும், பத்து வருஷத்துக்குள் வாங்குவாரின்றி மலிந்துவிட்டன. அவற்றை இவர்கள் வாங்கினார்கள். 1930-ஆம் வருஷத்துக்குப் பிறகு மோட்டார் உற்பத்தி யந்திர நிபுணர்கள் கையிலிருந்து கணக்குப்பிள்ளைகள் கைக்கு மாறிவிட்டது என்பது இவர்கள் கட்சி. பின்னாளில் சங்கத்தின் எல்லைக்கோடும் அந்த வருஷத்தின் முடிவிலேயே நிலைத்தது. இந்தக் கட்சியில் நியாயம் பாதி, பொருமல் பாதி என்பதே என் அபிப்பிராயம். ஏனென்றால் அவர்களே தலையில் வைத்துக் கொண்டாடப்போகிற சின்ன வண்டி ஒன்று, கணக்குப் பார்த்து, காசு பார்த்து, ஒரு நஷ்டக் கம்பெனியைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்தது.

பர்மிங்ஹாம் நகரின் அருகே லாங்பிரிட்ஜில் பெரும் தொழிற்சாலை வைத்திருந்த ஹெர்பர்ட் ஆஸ்டின், முதல் உலக யுத்தம் முடிந்ததும், இருபது குதிரைசக்தி கொண்ட ஒரே பெரிய வண்டியை நம்பி இறங்கினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 1921-இல் கம்பெனி கடன்காரர்களின் மேற்பார்வைக்குள் போயிற்று. அந்த வருஷ ஆரம்பத்திலிருந்து குதிரைசக்தி ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் வருஷ வரி வேறு வந்துவிட்டது. சாமானியக் குடும்பஸ்தன் அப்போது மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு கூண்டை இணைத்து, அதில் மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்து, மழையில் நனைந்துகொண்டு பிரயாணம் செய்தான். அவனுக்கு அந்த இடத்துக்குள்ளேயே அடங்கக்கூடிய, நாலு சக்கரமும் நாலு சிலிண்டரும் கொண்ட நிஜமான காரைக் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும் என்று ஆஸ்டின் கருதினார். டைரக்டர்கள் அதற்கு இணங்கவில்லை. அவர் தொழிற்சாலையிலிருந்து ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைபடக்காரப் பையனைத் தம்முடைய இல்லமான லிக்கி கிரேஞ்சுக்கு அழைத்துப்போய், அங்கே பில்லியர்ட்ஸ் ஆடும் அறையில் அவனை உட்காரவைத்து, தம் சொந்தச் செலவில் படம் போடச் செய்தார். 1922-இல் வண்டி வெளிப்பட்டது. பேடன்ட் உரிமைகள் அவர் பெயரிலேயே இருந்தபடியால், வண்டி ஒன்றுக்கு இரண்டு கினி வீதம் அவருக்குக் கிடைத்துவந்தது. மறுத்துப் பேசிய டைரக்டர்கள் அந்தத் தொகை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

முதலில் 696 கன சென்டிமீட்டராக இருந்த எஞ்சின் சீக்கிரமே 747 ஆக வளர்ந்தது. வரிக் கணக்கின்படி அதன் சக்தி எட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே வருஷ வரி எட்டே பவுன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி ஆறே கால் அடி. முதல் வருஷத்திலேயே விலை 165 பவுனுக்கு இறங்கிற்று. பிறகு இன்னும் இறங்கியது. 1939-இல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 2,90,000 வண்டிகள் வெளிவந்தன. ஜெர்மனியில் ஐஸனாக் நகரத்தார் உரிமம் பெற்று ‘டிக்ஸி’ என்ற பெயரில் இதையே செய்தார்கள். 1928-இல் அந்தத் தொழிற்சாலையை பி.எம்.டபிள்யூ. கம்பெனி வாங்கியதால், அந்தப் புகழ்பெற்ற ஸ்தாபனம் முதன்முதலில் விற்ற கார் ஆஸ்டின் செவனாக அமைந்தது. பிளாக்பூலில் மோட்டார் சைக்கிள் கூண்டு செய்துகொண்டிருந்த வில்லியம் லயன்ஸ் 1927-இல் இதன்மேல் அழகான பாடி கட்டி விற்றதிலிருந்துதான் ஜாகுவார் வண்டியின் வம்சம் தொடங்குகிறது. அமெரிக்காவில் இதைச் செய்ய ஏற்பட்ட கம்பெனி பிற்காலத்தில் பான்டம் என்று பெயர் மாறி, 1940-இல் முதல் ஜீப்பின் மாதிரியை அமைத்துக் கொடுத்தது.

இத்தனை சந்ததிகளையும்விட நமக்கு முக்கியமானது, இந்த வண்டியைச் சமையலறை மேஜையின்மேல் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிவிடலாம் என்பதே. இதன் சேஸிஸ், முன்புறம் ஒன்றுகூடிப் பின்புறம் விரிகிற இரண்டே எஃகுச் சட்டங்கள். முன்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். பின்பக்கம் அந்தச் சட்டங்களின் நுனியிலிருந்து நீளும் கால்வட்ட ஸ்பிரிங்குகள் இரண்டு. தண்ணீரைச் சுற்றிவரச் செய்யப் பம்பு இல்லை; சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்கையின் நியதியே பம்பு. முதல் பத்து வருஷத்து வண்டிகளில் பெட்ரோலுக்கும் பம்பு கிடையாது. டாங்கி உயரத்தில் இருந்தது, பெட்ரோல் தானே இறங்கி வந்தது. கிராங்க் ஷாப்ட் வெகுகாலம்வரை இரண்டே பேரிங்குகளில் சுழன்றது. கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் போகும் ஏற்பாடோ விசித்திரமானது: சிறு துவாரங்களிலிருந்து பீச்சப்படும் எண்ணெய், சுழன்றுகொண்டிருக்கும் கிராங்கின் ஓட்டைகளில் போய் விழவேண்டும். அது விழும் என்ற விசுவாசத்தின்மேல் லட்சக்கணக்கான குடும்பங்கள் கடற்கரைக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன.

சிலிண்டர் தலையைத் தனியாகக் கழற்றலாம். வால்வுகள் பக்கவாட்டில் இருந்தமையால் தலையைத் தூக்கியதுமே அவை கண்ணுக்குத் தெரியும். ஆகவே கரி சுரண்டுவதும் வால்வு கிரைண்டிங் செய்வதும், அரைப்புப் பசையும் பொறுமையும் உள்ள எவனும் ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலைகளாயின. எஞ்சின் முழுவதையுமே இரண்டு பேர் கைபிடித்துத் தூக்கி வெளியே வைத்துவிடலாம். குறைகளும் உண்டு. கிளட்ச் பெடலின் அசைவு மிகச் சொற்பமாதலால் புதிதாக ஓட்டுகிறவன் குதிரைபோல் துள்ளித்தான் புறப்படுவான். பிரேக் நாலு சக்கரங்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய வண்டிகள் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் 1930 வரையில் கால் மிதித்தால் பின்சக்கரம், கை இழுத்தால் முன்சக்கரம் என்று அதிகாரம் பிரிந்துகிடந்தது, இரண்டையும் சேர்த்துப் பிரயோகித்தாலும் வண்டி நிற்பதற்குச் சற்று யோசித்தது.

1939-இல் பில் பாடி என்பவரின் முயற்சியால், செவன் பிரியர்களுக்கென்று ‘750 கிளப்’ என்ற சங்கம் தோன்றிற்று. அவர் ‘மோட்டார் ஸ்போர்ட்’ பத்திரிகையின் ஆசிரியர். 1936 முதல் 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்து, பழைய வண்டிகளைப்பற்றி ஓயாமல் எழுதியவர். அவருடைய பேனா இல்லாவிட்டால் எத்தனையோ வண்டிகள் உருக்காலைக்குப் போயிருக்கும். ஆனால் சங்கம் பிறந்த வருஷத்திலேயே யுத்தமும் பிறந்துவிட்டது. பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தது. 1942-இல் சொந்த உபயோகத்துக்கான அடிப்படைப் பங்கீடும் நின்றுபோகவே, வண்டிகள் சக்கரம் தரையில் படாமல் கட்டைகளின்மேல் ஏற்றிவைக்கப்பட்டுக் கொட்டகைகளில் உறங்கின. யுத்தம் முடிந்தும் விடிவு வரவில்லை. அன்னியச் செலாவணிக்காக நாடு தவித்தபடியால், ஏற்றுமதி செய்கிறவனுக்கே எஃகு என்று சர்க்கார் சொல்லிவிட்டது. உள்நாட்டில் புது வண்டிக்குப் பெயர் கொடுத்தவன் வருஷக்கணக்கில் காத்திருந்தான். கிடைத்தாலும் அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொள்முதல் வரி, 1951-இல் அதுவே மூன்றில் இரண்டு பங்காயிற்று. இந்த நிலையில் கொட்டகையில் உறங்கிய செவனைத் தட்டி எழுப்பியது கலையார்வமா, நிர்ப்பந்தமா என்று கேட்டால், நிர்ப்பந்தம் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு தலைமுறை வேறு வழியின்றி ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டபின் அதில் ருசி கண்டது.

அந்த நிர்ப்பந்தத்தின் விளைவுகளில் ஒன்று உலகப் பிரசித்தமானது. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் படித்துக்கொண்டே பழைய கார் வியாபாரமும் செய்துவந்த காலின் சாப்மன் என்ற இளைஞர், 1947-இன் இலையுதிர் காலத்தில் சர்க்கார் பெட்ரோல் பங்கீட்டை மறுபடி நிறுத்தியபோது, வியாபாரம் படுத்துவிட்டதனால் விற்காமல் தங்கிப்போன 1930-ஆம் வருஷத்து ஆஸ்டின் செவன் ஒன்றோடு நின்றார். தாம் பிற்பாடு மணந்துகொண்ட ஹேஸல் என்ற பெண்ணின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் வைத்து, அதன் பாடியைக் கழற்றி எறிந்து, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டினால் புதிய பாடி அமைத்து, 1948-இல் அதற்கு லோட்டஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் தாங்கிய வண்டிகள் 1963 முதல் 1978 வரை ஏழு தடவை உலகப் பந்தயக் கோப்பையை வென்றன. நியூஜிலாந்தில் ஆக்லண்டில் கராஜ் வைத்திருந்த ஒருவர் 1929-ஆம் வருஷத்து அல்ஸ்டர் வகைச் செவன் ஒன்றை உதிரியாக வாங்கித் தம் மகனோடு சேர்ந்து பூட்டி முடித்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் மோட்டார் பந்தயத்தில் பெயர்பெற்ற புரூஸ் மக்லாரன். இவர்களுக்கும் முன்பே 1930-களில் அலெக் இஸிகோனிஸ் தம் நண்பர் ஜார்ஜ் டௌஸனுடன் கூடி, கைக்கருவிகளைக் கொண்டே பல வருஷம் பாடுபட்டு ஒரு பந்தய வண்டியை உருவாக்கினார். அதற்கும் தொடக்கம் ஒரு செவன். அவர்தான் பிற்காலத்தில் மோரிஸ் மைனரையும் மினியையும் படைத்தவர். 1959-இல் வெளிவந்த மினி, ஆஸ்டின் கம்பெனியின் கடைகளில் ஆஸ்டின் செவன் என்ற பழைய பெயரிலேயே விற்கப்பட்டது.

இந்தப் பெருமைகளைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாப்மனைப் பார்த்து ஆயிரம் இளைஞர்கள் செவனின் பாடியைப் பிடுங்கி எறிந்தார்கள். 1950-களில் கண்ணாடி நாரினால் வார்த்த பந்தய வடிவ பாடிகள் சொற்ப விலைக்குக் கிடைக்கவே, ஆஷ் மரச் சட்டத்தின்மேல் அலுமினியம் போர்த்திய எத்தனையோ பழைய உடல்கள் அடுப்புக்கும் காயலான் கடைக்கும் போயின. 750 கிளப் நடத்திய மலிவுப் பந்தயங்களும் அந்த வேகத்தை வளர்த்தன. ஆனால் அந்த இளைஞர்கள் இல்லாதிருந்தால் எஞ்சினும் கியர் பாக்ஸும் அச்சும்கூட மிஞ்சியிராது என்பதையும் மறுப்பதற்கில்லை. உடலைத் தொலைத்து உயிரைக் காத்தார்கள் என்று அவர்களை மன்னித்துவிடலாம்.

தொலைந்த உடலைத் திரும்பக் கட்டுகிற வேலை அதற்கடுத்த தலைமுறையிடம் வந்தது. வீட்டுக் கொட்டகையில், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் இதைச் செய்தவர்கள் அனுபவத்தில் கண்ட சில நியாயங்கள், எந்த நாட்டுக்கும் எந்த வண்டிக்கும் பொருந்தும். முதலாவது, மலிவாகக் கிடைக்கும் அரைகுறை வண்டியைவிட விலை கூடினாலும் அங்கங்கள் குறையாத வண்டியே கடைசியில் மலிவு. ஓடாத எஞ்சினை ஓடவைத்துவிடலாம், காணாமற்போன விளக்கையும் மீட்டரையும் தேடி அலைகிறவன் வண்டியின் விலையைப்போல் இன்னொரு பங்கு செலவழிப்பான். யந்திரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் உடலைக் கண்டு பயப்படுவதில்லை. உண்மையில் பயப்படவேண்டியது உடலைக் கண்டுதான். பெயிண்டுக்கு அடியில் மரம் உளுத்திருக்கும், தகடு துருவேறியிருக்கும். ஒரு கதவுத் தூணை மாற்றப் போனால் அதைத் தாங்கும் சட்டம் கையோடு வரும். டிங்கரிங் வேலைக்குக் கூலி கொடுத்து மாளாது. ஆகையால் சிக்கனக்காரன் முதலில் பழகவேண்டியது தச்சுவேலையும் தகட்டுவேலையும்.

எதைத் தானே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்ற விவேகம் அடுத்தது. பிரித்தல், சுத்தம் செய்தல், அளத்தல், பூட்டுதல் ஆகிய நான்கிலும் போகும் பொழுதுக்குக் கூலி கிடையாது; மொத்த வேலையில் பெரும்பகுதி இந்த நான்குதான். சிலிண்டர் ரீபோர், கிராங்க் ஷாப்ட் கிரைண்டிங், பிக் எண்டுகளுக்கு ஒயிட் மெட்டல் ஊற்றுதல், முலாம் பூசுதல் இவற்றை மட்டும் லேத் பட்டறைக்கும் அந்தந்தத் தொழிலாளிக்கும் விட்டுவிடுவது உத்தமம். அங்கேயும் சுத்தம் செய்த சாமானைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்குச் செலவு குறையும். பழைய இரண்டு பேரிங் கிராங்கில் விரிசல் உண்டா என்று பாராமல் பூட்டுகிறவன், அதுவரை சிக்கனமாய்ச் சேர்த்ததையெல்லாம் ஒரு மேட்டில் ஏறும்போது இழந்துவிடுவான். விரட்டி ஓட்டப்பட்ட செவன்களில் கிராங்க் ஒடிவது சகஜம். போல்ட்டுகளின் மரையோ விட்வொர்த் காலத்துப் பிரிட்டிஷ் அளவு. அங்குல ஸ்பானருக்கும் பொருந்தாது, மெட்ரிக் ஸ்பானருக்கும் பொருந்தாது. அதற்கென்று ஒரு செட் ஸ்பானர் வாங்காமல் கட்டிங் பிளேயரால் திருகிப் பார்க்கிறவனிடம் எந்தப் பழைய வண்டியையும் ஒப்படைக்கக் கூடாது.

இந்த வேலைகளுக்கு வேண்டிய உதிரிச் சாமான்கள் மலிந்த காரணம் விநோதமானது. 1953-இல் வெளிவந்த ‘ஜெனிவீவ்’ என்ற திரைப்படம், பிரைட்டன் பிரயாணத்தில் போட்டியிடும் இரண்டு பழைய வண்டிகளின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, இங்கிலாந்து முழுவதும் கொட்டகைகளை எட்டிப்பார்க்கும் ஆசையைக் கிளப்பிற்று. ஆனால் சாமான்களைக் குவித்தது சினிமா அன்று, சட்டம். 1960-இல் போக்குவரத்து மந்திரியாயிருந்த எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளெல்லாம் பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றில் வருஷந்தோறும் பரிசோதனைக்கு உட்படவேண்டும் என்ற விதியை அமலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அந்த வயது ஏழாகவும், 1967-இல் மூன்றாகவும் குறைந்தது. நிற்க யோசிக்கும் செவனின் பிரேக்கை எந்தப் பரிசோதகர் ஒப்புவார்? சாலையிலிருந்து அவை கூட்டம் கூட்டமாக விலகி, ஐந்துக்கும் பத்துக்கும் கைமாறி, ஒன்றைப் பிரித்து மற்றொன்றைப் பூட்டும் வழக்கத்துக்கு இரையாயின. 1952-இல் தம் தந்தையின் நினைவாக பியூலியில் சில வண்டிகளை வைத்துக் காட்சி தொடங்கிய மான்டேகு பிரபு, 1967-இல் அதே இடத்தில் பழைய உதிரிச் சாமான்களுக்கென்றே ஒரு சந்தை கூட்டினார். துருப்பிடித்த கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் அந்தச் சந்தை இன்றும் வருஷந்தோறும் கூடுகிறது. சந்தையில் கிடைக்காததைச் சங்கங்களே புதிதாக வார்த்துக் கொடுக்கத் தொடங்கின. உற்பத்தி நின்று எண்பது வருஷம் தாண்டிய ஒரு வண்டிக்கு அநேகமாக எல்லாச் சாமான்களும் புதிதாகக் கிடைப்பதென்பது, நேற்று நின்ற வண்டிகளுக்குக்கூட வாய்க்காத பாக்கியம்.

பணக்காரர்கள் இந்த வழக்கத்துக்குள் நுழைந்ததன் பலன் வேறுவிதமாயிற்று. தொழிற்சாலையைவிட்டு வெளிவந்த அன்றுகூட இல்லாத பளபளப்பு இப்போது பழைய வண்டிகளுக்கு ஏற்றப்படுகிறது. நிக்கல் முலாம் இருந்த இடத்தில் குரோமியம், துணி போர்த்திய இருக்கையில் உயர்ந்த தோல். கோயில் திருப்பணி என்று சொல்லிக் கல் சுவரில் மணலை வீசியடித்துக் கல்வெட்டு எழுத்துக்களைத் தேய்த்துவிடுகிறவர்களின் காரியத்துக்கும் இதற்கும் பேதம் அதிகம் இல்லை. காசில்லாதவன் இந்தப் பாபத்தைச் செய்ய முடியாது. ஓடுகிற கியர் பாக்ஸை அவன் பிரிக்கமாட்டான். கிழியாத இருக்கையை மாற்றமாட்டான். பெயிண்ட் தேய்ந்த இடத்தைத் துடைத்து மெழுகிட்டு அப்படியே விடுவான். ஆராய்ச்சிக்காரன் ஒருவனுக்கு 1928-ஆம் வருஷத்து வண்டி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியவேண்டுமானால், கண்காட்சியில் பரிசு வாங்கிய வண்டியை விட்டுவிட்டு, சிக்கனக்காரன் ஒருவனுடைய கொட்டகைக்குப் போவதே நல்லது.

எர்னஸ்ட் மார்ப்பிள்ஸின் பரிசோதனை விதியிலிருந்து, 1960-ஆம் வருஷத்துக்கு முன் பிறந்த கார்கள் அனைத்துக்கும் 2012 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் விலக்கு அளித்தது. 2018 மே மாதத்தில் அந்தச் சலுகை, பெரிய மாற்றங்களுக்கு உட்படாத நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் விரிந்தது. இத்தகைய வண்டிகளை அவற்றின் சொந்தக்காரர்கள் நன்றாகவே பராமரித்துவருகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.